மேல்கோட்டைத் தாண்டிய எண்ணெய்

எங்கள் தெருவில் அப்போது ஓடிய இரண்டு மூன்று வண்டிகளும் பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து குடித்துவிட்டுப் புகையாய்க் கக்கிக்கொண்டு போகும். சித்தப்பா வாங்கி வந்த பழைய மோட்டார் சைக்கிள் மட்டும் ஃபோர் ஸ்ட்ரோக். புகையே விடாது. அதற்கு எண்ணெய் தனியாக, எஞ்சினுக்கு அடியில் தங்கும். மூடியைத் திருகி எடுத்தால் கூடவே ஒரு குச்சி வரும். அதில் இரண்டு கோடு. வண்டியை எடுக்கும் முன் சித்தப்பா தினமும் குச்சியைத் துடைத்து, உள்ளே விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். துணி நீட்டும் வேலை எனக்கு. பள்ளிக்கூடத்தில் எனக்கு இந்த மரியாதை கிடைத்ததில்லை.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல நிக்கணும்மா. கொறஞ்சாலும் ஆகாது, ஏறினாலும் ஆகாது" என்பார்.

'கொறஞ்சாலும் ஆகாது' என்பது மட்டும்தான் என் காதில் ஏறியது. தறி அறை விளக்குக்கு எண்ணெய் விடுவதும் நான்தான். "வழிய வழிய ஊத்துமா. தறி ஓடுற வூட்ல வெளக்கு அரை வயித்தோட எரியக் கூடாது" என்று பின்னாலேயே நிற்பாள் ஆயா, சித்தப்பாவின் அம்மா.

தாத்தா சித்தப்பாவுக்கு ஐயம்பேட்டையில் பெண் பார்த்திருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் போய்த் தட்டு மாற்றிவிட வேண்டும். தாத்தா சொன்னால் வீட்டில் மறுபேச்சு கிடையாது. முதல் நாள் மாலை விளக்கை நிரப்பினேன். நல்ல காரியத்துக்குப் போகிற வண்டி மட்டும் அரை வயிற்றோடு நிற்கலாமா? மூலையில் இருந்த எஞ்சின் எண்ணெய் டப்பாவை எடுத்து, எஞ்சின் கழுத்துவரை ஊற்றினேன்.

காலையில் எதிர்வீட்டார் தறியில் ஏற்றத் தெருவில் பாவு விரித்திருந்தார்கள். மாம்பழ நிறப் பட்டு நூல், பனியில் தெருவின் நீளத்துக்கும் கிடந்தது. அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள் அந்த வீட்டு அக்கா. சித்தப்பா குச்சியை உருவினார். மேல்கோட்டையும் தாண்டி எண்ணெய். பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் வெகுநேரம் குச்சியையே பார்த்தார். அப்புறம் எதிர்ப்பக்கம் ஒருமுறை பார்த்தார். மூடியைத் திருகினார். உதைத்தார்.

வெள்ளை வெளேரென்று எழுந்தது புகை. கோபுரம் மறைந்தது. தட்டோடு தாத்தா மறைந்தார். பாவு மட்டும் யாரும் பிடிக்காமலே மிதப்பதுபோல் இருந்தது. நான் பெருமாள் புறப்பாட்டையே கண்டவள்போல் வாயைப் பிளந்து நின்றேன். தாவணி முனையால் புகையை விசிறிக்கொண்டே அக்கா கேட்டாள்:

"இன்னா, தெருவுக்கே கொசு மருந்தா?"

வண்டி இருமி இருமி நின்றது. "கெளம்பறப்பவே இப்பிடி ஆயிடுச்சே. இன்னிக்கு வேணாம்பா" என்றாள் ஆயா.

"எவன்டா இவ்ளோ எண்ணெய ஊத்தினது?" தாத்தாவின் குரல் புகைக்குள்ளிருந்து வந்தது. நான் துடைக்கும் துணியை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன்.

"நான்தாம்பா. கை தவறிடுச்சு" என்றார் சித்தப்பா.

அன்று மாலை எண்ணெயை வடித்துவிட்டு வந்தவர், என் கையில் ஒரு பொட்டலம் காராசேவு வைத்தார். போன சகுனம் போனதுதான்; தாத்தாவும் அப்புறம் கிளம்பவில்லை. ஐயம்பேட்டைப் பெண்ணை வேறு இடத்தில் கொடுத்தார்கள். அடுத்த தையில் எதிர்வீட்டு அக்கா எனக்குச் சித்தியானாள்.

என்னைக் காப்பாற்றத்தான் சித்தப்பா பழியை ஏற்றார் என்று பல வருஷம் பெருமையடித்துத் திரிந்தேன். தினமும் குச்சியைப் பார்க்கிற மனிதர் அன்றைக்கும் பார்த்தார், பார்த்துவிட்டுத்தான் உதைத்தார் என்பது, காராசேவு தின்றுகொண்டிருந்தவளுக்கு எங்கே தெரியும்?