தூக்கிச் சுமக்க ஒருவன்

கேக்கம்மா கோபம் வந்தால் கத்துகிற ரகம் இல்லை. வெண்ணெயையும் சர்க்கரையையும் ஒரு பாத்திரத்தில் போட்டு, பக்கத்தில் மெஷின் சும்மா இருக்கும்போதே, கையால் அடி அடியென்று அடிப்பாள். அப்படி அடித்த நாட்களில் கேக் பஞ்சு மாதிரி வரும். மகள் படுக்கையில் விழுந்த பிறகு அவளுடைய கேக்குக்குக் கிராக்கி கூடிவிட்டது. என்ன கொடுமை பாருங்கள்!

தெருவைப் பார்த்த கீழ்த்தள அறையில் அவளுடைய அடுப்படி. குடியிருப்பது அதே கட்டடத்தின் மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு கேக் விற்றுத்தான் மகளைக் கல்லூரியில் சேர்த்தாள்.

க்ரீம் பொங்கி வருவதற்கு அவள் ஒரு சின்ன இரும்புக் குப்பியைப் பயன்படுத்துவாள். விரல் நீளம்தான் இருக்கும். அதைத் திருகினால் உள்ளேயிருக்கும் கேஸ் சீறிக்கொண்டு க்ரீமில் இறங்கும். அதே கேஸைத்தான் கல்லூரிப் பிள்ளைகள் பலூனில் பிடித்து, வாயில் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். தலை லேசாகும், காரணமில்லாமல் சிரிப்பு வரும், சட்டென்று தீர்ந்துபோகும். உடனே அடுத்த பலூன். தயங்கிய தோழிகளுக்குத் தைரியம் சொன்னதே இவள் மகள்தான். "எங்கம்மா கேக்குல போடுறதுதான்டி இது. இதுல என்ன வந்துடப் போகுது?"

வந்தது. அந்த கேஸ் உடம்பிலிருக்கும் ஒரு வைட்டமினை வேலை செய்யவிடாமல் முடக்கிவிடுமாம். அது இல்லாவிட்டால் நரம்பின் மேலுறை கரைந்துபோகுமாம். இதெல்லாம் பின்னால் டாக்டர் சொன்னது. முதலில் தெரிந்ததெல்லாம் செருப்புதான். காலிலிருந்து செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் மகள் நடந்து போவாள். கேக்கம்மா திட்டிவிட்டுப் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தாள். ஒருநாள் காலையில் கட்டிலிலிருந்து இறங்கியவள் அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கொஞ்சம் முன்னாடியே கூட்டிட்டு வந்து, அந்தக் கருமத்தையும் நிறுத்தியிருந்தா ஊசியிலேயே சரியாகியிருக்கும்மா" என்றார் டாக்டர். "இனி எவ்வளவு திரும்பும்னு சொல்ல முடியாது."

பலூன் விற்றது யாரென்று கண்டுபிடிக்க அவள் அலையவே வேண்டியிருக்கவில்லை. கல்லூரியில் அவனுக்குப் பட்டப்பெயரே பலூன். மகளோடு படிக்கிறவன். கேக்கம்மா பல வருஷமாக மாவும் குப்பியும் வாங்குகிற கடைக்காரரின் ஒரே மகன். அப்பாவின் கிடங்கிலிருந்துதான் பெட்டி பெட்டியாகக் குப்பிகளைத் தூக்கியிருக்கிறான்.

அவள் நேராகக் கடைக்குப் போனாள். கடைக்காரர் அவசரமாக ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"நம்ம குடும்பம் மாதிரி பழகிட்டோம். வைத்தியச் செலவெல்லாம் நான் பாத்துக்கறேம்மா."

"நான் யாரையும் கட்டாயப்படுத்தல ஆன்ட்டி. அவளே கேட்டுத்தான் வாங்கினா" என்றான் பலூன்.

அது உண்மைதான். அதைக்கூட அவள் விழுங்கியிருப்பாள்.

"அவ தடுமாறி நடந்ததை நீ பாத்தியா?"

"பாத்தேன்."

"இதனாலதான்னு தெரியுமா?"

அவன் அப்பாவைப் பார்த்தான். "நெட்ல படிச்சிருந்தேன். சொன்னா எல்லாரும் வாங்கறதை நிறுத்திடுவாங்கன்னு… சொல்லல."

 கேக்கம்மா கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "போலீஸுக்குப் போனா வக்கீல் வச்சு வெளியே கொண்டு வந்துடுவீங்க அண்ணே. எனக்கு அது வேண்டாம். இவன் தினம் வரணும். என் பொண்ணு காலு செய்யற வேலையை இவன் செய்யணும். ஒருநாள் வரலைன்னாலும் நேரா ஸ்டேஷன்தான்."

அவன் வந்தான். காலையில் மகளை மாடியிலிருந்து தூக்கி இறக்கி, ஆஸ்பத்திரியில் பயிற்சி முடிகிறவரை வெளியே நின்று, திரும்பத் தூக்கி ஏற்ற வேண்டும். உட்கார நாற்காலி கிடையாது, குடிக்கத் தண்ணீர் கிடையாது. அவன் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறும்போது கேக்கம்மா வேண்டுமென்றே பின்னாலேயே வருவாள். "மெதுவா. கண்ணாடிப் பாத்திரம் அது" என்பாள். அவன் சட்டை முதுகில் ஒட்டிக்கொள்வதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு மனசு குளிரும். மகளும் லேசுப்பட்டவள் இல்லை. "அவன் தூக்கறப்ப உடம்பை அப்படியே விட்டுடுவேன்மா. கல்லு மாதிரி கனக்கட்டும்" என்பாள். அம்மாவும் மகளும் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஆனால் ஒருநாள் அம்மா எல்லை தாண்டிவிட்டாள். மகளுக்குச் சிறுநீரும் சொன்னபடி கேட்பதில்லை. நனைந்த விரிப்பை உருவி, வாசலில் நின்றவன் முகத்துக்கு நேராக நீட்டினாள். "நல்லா பாரு. நீ வித்த சிரிப்பு."

அவன் போன பிறகு மகள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். "பழி வாங்கணும்னா நீ வாங்கும்மா. என் ஈரத்துணியை ஏன் காட்டுற?"  கேக்கம்மா அன்று விரிப்பை அலசும்போது அழுதாள். அவன் மேலிருந்த ஆத்திரம் மட்டும் ஒரு சொட்டும் குறையவில்லை.

பிறகு அவனிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. கால்களை அகட்டி வைத்து நடந்தான். குனிந்து பார்த்துப் பார்த்துப் படியில் அடி வைத்தான். ஒரு செருப்பு நடுப்படியில் கிடக்க, வெறுங்காலோடு ஏறி வந்தான். அது அவனுக்குத் தெரியவே இல்லை. விற்றது மட்டுமில்லை, அவனும் இழுத்திருக்கிறான்; அப்பா கிடங்கைப் பூட்டிய பிறகும் எங்கேயோ வாங்கி இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான்.

கேக்கம்மா அந்தச் செருப்பைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அன்று அடுப்படியில் பாட்டு முணுமுணுத்தாள். தானாக வருகிறதை ஏன் தடுக்க வேண்டும்? அவள் கை நீட்டவே வேண்டாம். சும்மா இருந்தால் போதும். வந்து போகும் ஒவ்வொரு நாளும் அவன் நடையை மட்டும் அளந்தாள், மனசுக்குள் நெய் ஊற்றினாற்போல் இருந்தது.

ஒரு சாயங்காலம் மகள் சொன்னாள். "அம்மா, அவன் என்னைத் தூக்கிட்டு வரும்போது சுவத்துல சாயறான். எனக்கு ஆரம்பத்துல வந்ததேதான்."

"தெரியும்."

"தெரியுமா? எப்பருந்து?"

கேக்கம்மா போர்வையைச் சரிசெய்தாள்.

மகள் அவள் கையைப் போர்வையிலிருந்து விலக்கினாள். "நான் தடுமாறினதைப் பாத்துட்டு அவனும் இப்படித்தான் சும்மா இருந்தான்."

கன்னத்தில் அறைந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. எவனைச் சாகும்வரை மன்னிப்பதில்லை என்று இருந்தாளோ, அவன் செய்ததையே தானும் செய்துகொண்டிருக்கிறாள், அதுவும் பாட்டுப் பாடிக்கொண்டு.

மறுநாள் காலை அவன் மாடி ஏறுமுன் அடுப்படிக்குள் கூப்பிட்டாள். மாவு மூட்டைகளுக்கு முன்னால் நிறுத்தினாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் நரம்பைச் சோதிப்பதை அவள் பார்த்திருக்கிறாள்.

"காலைச் சேத்து வச்சு, கண்ணை மூடு."

"எதுக்கு ஆன்ட்டி?"

"மூடுடா."

மூடினான். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. அவள் எட்டிப் பிடிக்கிற தூரத்தில்தான் நின்றாள், பிடிக்கவில்லை. மூட்டைமேல் தொப்பென்று விழுந்தான். தலையெல்லாம் மாவு.

"உன் காலும் போயிட்டிருக்கு. இன்னிக்கே ஊசி ஆரம்பிச்சா நிக்கும். அந்தச் சனியனை இன்னொரு தடவை வாயில வச்சா யாராலும் ஒண்ணும் பண்ண முடியாது. எழுந்திரு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

அவன் அழ ஆரம்பித்தான். "தேங்க்ஸ் ஆன்ட்டி…"

"தேங்க்ஸ் சொன்னே, பல்லைத் தட்டிடுவேன். உன்மேல பாவப்பட்டு வரல. நீயும் படுத்துட்டா உங்கப்பா உன்னைத் தூக்க ஆள் வைப்பாரு, ஊரே ஐயோ பாவம்னு பேசும். அந்தச் சுகம் உனக்குக் கிடையாது. என் பொண்ணு எழுந்து நடக்கற வரைக்கும் நீ நடக்கணும்."

அவன் முகத்திலிருந்த மாவில் கண்ணீர் கோடு இழுத்தது. "அவ நடக்கவே இல்லன்னா?"

"அப்போ கடைசி வரைக்கும் நட" என்றாள்.