கருடனுக்குக் கவிச்சி

காயம்பட்ட பருந்து, ஆந்தைகளைத் தேற்றிப் பறக்கவிடும் வேலையை வனத்துறையின் அனுமதியோடு எங்கள் வீட்டு மாடி அறையில் செய்துவருகிறேன். பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை என்னுடையது. வீட்டுக்கு வருகிறவர்களிடமும் அது தணிவதில்லை. சாணார்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் ஓர் அக்கா கூடையை இறக்கித் துண்டை விலக்கியபோதும் அப்படித்தான் கத்தினேன்.

உள்ளே ஒரு செம்பருந்து. கண் பாதி மூடியிருந்தது. நெஞ்செலும்பு துருத்திக்கொண்டிருந்தது. அலகிலிருந்து கழுத்துவரை பால் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது.

“என்னக்கா குடுத்தீங்க இதுக்கு?”

“கெணத்து வலையில மாட்டிக் கெடந்துச்சு டீச்சர். பாலு வச்சேன், தயிர்சோறு வச்சேன். சக்கரைப் பொங்கக்கூட வச்சுப் பாத்தேன். தொடவே இல்ல. அதான் பாலைச் சங்குல ஊத்துனேன்.”

“கறி குடுக்கலையா?”

அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். “கருடன் டீச்சர். பெருமாள் வாகனம். அதுவும் புரட்டாசி மாசம். கவிச்சி குடுக்கச் சொல்றீங்களே!”

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. விரதமெல்லாம் மனுஷருக்குத்தான், பருந்துக்குப் பால் செரிக்காது என்று பொரிந்து தள்ளினேன். “என் கையால செத்துப் போயிருமா?” என்று மட்டும் அவர் கேட்டார். என் கோபம் பொசுக்கென்று போய்விட்டது. தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். இறக்கை ஒடியவில்லை, சுளுக்குதான். பட்டினிதான் பெரிய ஆபத்து என்றார். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் குழாய் வழியாகக் கொடுத்துக் கதகதப்பாக வைத்தோம். மறுநாள் மீன் துண்டை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. அக்கா போன் மேல் போன் போட்டார். “கண்ணு முழிச்சிருச்சா?” என்பார், என்ன கொடுக்கிறேன் என்று மட்டும் கேட்கமாட்டார். எனக்கும் அன்று சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை கதவைத் திறந்தால், இரவு வைத்துவிட்டுப் போன மீனில் கடைசித் துண்டைக் காலால் அழுத்திப் பிடித்துக் கிழித்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து ஒரு முறை முறைத்தது. அப்பாடா என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே அவருக்குப் போன் போட்டேன்.

“தின்னுருச்சுக்கா.”

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, “என்ன தின்னுச்சு?” என்றார்.

“மீனு.”

போனை வைத்துவிட்டார்.

இறக்கை தேறி அது அவர் தோட்டத்துக்கு மேலேயே பறந்துபோனதெல்லாம் பிறகு நடந்தது. எனக்கு நெஞ்சில் நிற்பது அவர் போனை வைத்த அன்று மத்தியானம்தான். வாசலில் வந்து நின்றார். புரட்டாசிச் சனிக்கிழமை, நெற்றியில் நாமம். ஒரு பையை உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பியிருந்தார். பைக்குள் பேகம்பூர்க் கடையில் வாங்கிய மீன்.

“வீட்டுக்குப் போயித் தலைக்குக் குளிச்சுக்கிறேன்,” என்றார். “முள்ளு கம்மியா இருக்கறதாக் கேட்டு வாங்குனேன், டீச்சர். தொண்டையில சிக்கிரக் கூடாதுல்ல.”