அம்மா மீன் திரும்பி வந்த படம்

போன ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவிக்கொண்டிருந்தபோது என் மகள் கைபேசியோடு அடுப்படிக்கு வந்து, சண்டைக்கு நிற்கிற மாதிரி நின்றாள். "அம்மா, நீ சொன்னதெல்லாம் பொய். அந்த மீன் திரும்பி வரவே இல்லை" என்றாள். எந்த மீன், நம் வீட்டில் மீனே வாங்குவதில்லையே என்றேன். பிறகுதான் விளங்கிற்று. வருடக்கணக்கில் அவளைத் தூங்கவைக்க நான் கதையாகச் சொல்லிவந்த பொம்மைப் படத்தை எங்கிருந்தோ தேடிப் பிடித்து, முழுசாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்.

அந்தப் படத்தை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். வானத்தில் நீந்தும் மீன்களின் கதை அது. மேகம்தான் அவற்றுக்குக் கடல். நெல்லையப்பர் தேர் பெரிசுக்கு ஓர் அம்மா மீன், அதற்கு ஒரு பயந்தாங்கொள்ளிக் குட்டி. மேகம் இல்லாத வெறும் வானத்தில் நீந்த அதற்குப் பயம். தொண்ணூறுகளில் இப்படி ஒரு படம் தமிழ் பேசிக்கொண்டு எங்கள் ஜங்ஷன் பக்கத்துத் தியேட்டருக்கு வருவதே அதிசயம். எங்கள் ஊருக்கு வந்து சேரும்போது பிரிண்ட் தேய்ந்து, படம் முழுக்கக் கோடு கோடாக மழை பெய்யும். அந்த மழையும் கதையில் உள்ளதுதான் என்று நான் நம்பினேன்.

கூட்டிப் போனது அப்பா. அப்பாவுக்குக் கடை கடையாகப் போய்த் தராசையும் படிக்கல்லையும் சரிபார்த்து முத்திரை வைக்கிற வேலை. அம்பாசமுத்திரத்திலிருந்து திசையன்விளை வரைக்கும் அவரைக் கண்டால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள். ஒரு டீ வாங்கிக் குடிக்கமாட்டார். ஒரு பொய் சொல்லமாட்டார், எழுதவும் மாட்டார். நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டால், ஊரில் எல்லா அப்பாக்களும் 'காய்ச்சல்' என்று லீவு லெட்டர் எழுத, என் அப்பா 'மகளுக்கு வர விருப்பமில்லை' என்று எழுதித் தருவார். அந்த லெட்டரைக் கொடுப்பதைவிடப் பள்ளிக்கூடம் போய்விடுவதே மேல்.

அதற்கு முந்தின வருடம் அம்மா மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். குறுக்குத்துறைப் படித்துறையில் எனக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். என் வயிற்றுக்கு அடியில் ஒரு கை கொடுத்துத் தாங்கிக்கொள்வாள். அந்தக் கையை எடுக்கும் கட்டத்துக்கு நாங்கள் வந்து சேரவில்லை. அதன் பிறகு ஆற்றில் கணுக்காலுக்கு மேல் நான் இறங்கவில்லை. அப்பா கூப்பிட்டாலும் போகமாட்டேன். "மிச்சத்தை அம்மா வந்து சொல்லித் தருவா" என்பேன். அப்பா துண்டைப் பிழிந்துகொண்டு நிற்பார்.

படத்தில் இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் பெரிய புயல். குட்டியின் வால் கிழிந்துவிடுகிறது. அதைக் காப்பாற்றப் போன அம்மா மீன் வானத்திலிருந்து விழுந்து, பூமியில் ஒரு மலையாகிப் போகிறது. மேலே புல் முளைக்கிறது. நான் அழக்கூட இல்லை, அப்படி உறைந்துபோய் இருந்தேன். திரை ஒரு தடவை வெளுத்து இருண்டது. அடுத்த நிமிஷம், அம்மா மீன்! உயிரோடு, மினுமினுவென்று, குட்டியைத் தன் துடுப்பில் தாங்கிக்கொண்டு, மேகமில்லாத வானத்தில் நீந்தச் சொல்லிக்கொடுக்கிறது. பின்னால் யாரோ, "ஏலே ஆப்பரேட்டர், தூங்குதியா?" என்று கத்தினார். விசில் பறந்தது. நான் நாற்காலியில் ஏறி நின்றிருந்தேன். உடம்பெல்லாம் புல்லரித்தது. அதற்குப் பிறகு எந்தக் கோயிலிலும் எனக்கு அப்படி ஆனதில்லை. கடைசியில் குட்டி தனியாகவே நிலா வரை நீந்திப் போயிற்று.

வெளியே வந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

"ஏட்டி, ரீல மாத்தி ஓட்டிட்டான். முன்னால ஓட்ட வேண்டியத பின்னால ஓட்டிருக்கான்."

"இல்ல. செத்துப்போயிட்டு திரும்பி வந்துச்சு. நான் பாத்தேம்லா."

"புயல்ல குட்டிக்கு வால் கிழிஞ்சுதுல்லா? அதுக்கப்புறம் வால் முழுசா இருக்கே, அது எப்படி?"

"அவங்க அம்மா வந்து சரி பண்ணிட்டா."

"செத்தவங்க எப்படிட்டி வருவாங்க?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். என் முகத்தைப் பார்த்தார். ஆனாலும் எடை சரியில்லை என்று பட்டதை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. "அங்கன நில்லு. கேட்டுட்டு வாரேன்" என்று ஆப்பரேட்டர் அறைக்குப் போகும் இரும்புப் படியில் ஏறினார்.

நான் கீழே நின்றேன். திருச்செந்தூர் முருகனைக் கூப்பிட்டேன். அந்த ஆப்பரேட்டர் மட்டும் 'ஆமாம், மாற்றிவிட்டேன்' என்று சொல்லிவிட்டால் அம்மா வரமாட்டாள், அவ்வளவுதான். மேலேயிருந்து "மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்று ஒரு குரல் கேட்டது. எதற்கு மன்னிப்பு என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அப்பா பைய இறங்கி வந்தார். கடைசிப் படியில் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாந்தான் தப்பா நெனச்சிட்டேன். படமே அப்படித்தானாம்."

"அப்போ அம்மா வந்துச்சா?"

"வந்துச்சு. பாதியில விட்டத சொல்லிக்குடுக்க வந்துச்சு. சொல்லிக்குடுத்துட்டுப் போயிட்டுது."

மறுநாள் காலை நானே அப்பாவைப் படித்துறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். படியில் நிற்கும்போது காலைக் கடிக்கிற குஞ்சு மீன்களுக்குக்கூட அன்று பயப்படவில்லை. அப்பா வேட்டியை ஏறக்கட்டிக்கொண்டு இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வயிற்றுக்கு அடியில் கை கொடுத்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். அது யார் கை என்று பார்க்க எனக்கு இஷ்டமில்லை. கை எப்போது விலகியது என்று தெரியாது. தாமிரபரணி என்னைத் தாங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆப்பரேட்டர் மேலே என்ன சொல்லியிருப்பார் என்பது போன ஞாயிற்றுக்கிழமைதான் எனக்குத் தெரிந்தது. தேங்காய் கையில் அப்படியே நின்றுவிட்டது. ஆயுளுக்கும் ஒரு பொய் சொல்லாத மனிதர், சரியான விடையை மேலே கேட்டு வாங்கிக்கொண்டு, கீழே வருவதற்குள் அதை எனக்காக எங்கோ போட்டுவிட்டு வந்திருக்கிறார். நினைக்க நினைக்க மலைப்பாக இருக்கிறது.

"நான் பார்த்த படத்துல வந்துச்சு" என்றேன் மகளிடம். அவள் சிரித்தாள். கைபேசித் திரையின் அடியில் ஓடும் கோட்டை விரலால் பின்னுக்கு இழுத்தாள். மலை மீனாகி, மேலே எழும்பி, மினுமினுவென்று நீந்தியது. "வந்துட்டா. போதுமா?" என்றாள்.

இப்போது படத்துக்கு ரீலும் இல்லை, மாற்றி ஓட்ட ஆளும் இல்லை. அம்மா மீன் விரல் நுனியில் வந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த அப்பாதான் வரவில்லை. இந்த ஒரு தடவை ரீலை மாற்றி ஓட்டச் சொல்லி அந்த இரும்புப் படியில் நானே ஏறிப்போய்க் கேட்டுப் பார்க்கலாம் என்றால், தியேட்டரை இடித்துவிட்டார்கள், படியும் இல்லை.