கிழவியும் மினுக்கியும்

காற்றே இல்லாத நாளில் பாய்மரம் விழுந்தது. தட்டக்காவால் நம்பவே முடியாமல் போனது அதுதான். புயலில் விழுந்திருந்தால் புயலைத் திட்டித் தீர்த்திருக்கலாம். படகோ பட்டறை முற்றத்தில் முட்டுக்கட்டைகளின் மேல் சாதுவாக உட்கார்ந்திருந்தது. திட்டுவதற்கு அங்கே அவளைத் தவிர வேறு ஆளில்லை.

தட்டக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை, தொழில் வாங்கிக் கொடுத்தது. விற்பனைக்கு வரும் பாய்மரப் படகுகளைச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்து, உடம்பு சரியாக இருக்கிறதா என்று சொல்வாள். 'ணங்' என்றால் கெட்டி. 'தொப்' என்றால் ஃபைபருக்குள் தண்ணீர் புகுந்து ஊறிவிட்டது. கடையில் தர்பூசணி வாங்கினாலும் பழத்தைத் தட்டிவிட்டுத்தான் விலை கேட்பாள். தங்கை கல்யாணத்தின்போது, "மாப்பிள்ளையையும் தட்டிப் பாத்தாச்சா?" என்று பட்டறையே கேலி செய்தது.

அந்தத் தங்கையும் மாப்பிள்ளையும் வீட்டைக் காலி செய்துவிட்டு, படகிலேயே குடியிருந்து கடல் கடலாகச் சுற்றப் போகிறோம் என்று கிளம்பினார்கள். தட்டக்கா தலையிடாமல் இருப்பாளா? முற்றத்தில் அப்போது இரண்டு படகுகள் அருகருகே நின்றன. நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒன்று நாற்பது வயதுக் கிழவி. இன்னொன்று போன வருஷம்தான் கட்டியது. அதற்குத் தட்டக்கா வைத்த பெயர் மினுக்கி.

மாப்பிள்ளைக்கு மினுக்கிமேல்தான் கண். பின்பக்கம் மேடைபோல அகலம், இரண்டு பக்கமும் ஜன்னல், உள்ளே பளிச்சென்று வெளிச்சம்.

"உள்ள போய்ப் பாருங்கக்கா. வீடு மாதிரி இருக்கு. நிமிர்ந்து நின்னு குளிக்கலாம்."

"வீடு மாதிரி வேணும்னா வீட்லயே இருந்திருக்கலாமே மாப்பிள்ளை. தட்டையான அடி. எதிர் அலையில மோதுனா உங்க பல்லெல்லாம் ஆடிப்போயிடும்."

அதோடு விட்டாளா? மினுக்கிக்கு, படகு கவிழாமல் பிடிக்கிற அடிப்பாரத்தைத் தனியாகச் செய்து போல்ட் போட்டு மாட்டியிருக்கிறார்கள், கிழவிக்கு அது உடம்போடு உடம்பாக வளர்ந்தது என்றாள். மினுக்கியின் சுக்கான் ஆதரவில்லாமல் தொங்குகிறது, மிதக்கிற கட்டை ஒன்று இடித்தால் போச்சு என்றாள். தண்ணீருக்கு மேலே எதற்கு இத்தனை உயரம், சுவர் மாதிரி, காற்றுக்கு வசதியாக என்றாள். மினுக்கி வேகமாக ஓடும், நின்ற இடத்திலேயே திரும்பும் என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பாய்மரத்தை இருபக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் ஸ்டீல் பட்டைகளில் வந்து மாட்டும். மினுக்கிக்கு அந்தப் பட்டைகள் போல்ட் தலைகளோடு வெளியே தெரிந்தன. "உள்பாவாடை தெரிய நிக்கிறா பாரு" என்று தட்டக்கா முகம் சுளித்தாள். கிழவிக்கு அவை சுவருக்குள், ஃபைபரில் புதைந்திருந்தன. கம்பி மாட்டும் காது மட்டும் மேலே எட்டிப் பார்த்தது, கண்ணாடி போல மின்னியது.

பிறகு கிழவியைத் தலையிலிருந்து கால்வரை தட்டினாள். தங்கை கூடவே நடந்தாள். சின்ன வயதிலிருந்தே அக்கா எதைத் தட்டினாலும் அவள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"என்னக்கா சொல்றா?"

"நல்லா இருக்கேன்ங்கறா. நம்பி ஏறு."

கிழவியையே வாங்கி, நம்பி ஏறினார்கள்.

கடலில் இறக்க ஒரு வாரம் இருந்தது. கம்பி முறுக்குபவர் காலையில் வந்து, இடப்பக்கக் கம்பியை இறுக்க ஆரம்பித்தார். தங்கை வலது ஓரத்தில் குந்தி, மரப்பிடிக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். தட்டக்கா ஏணியில் பாதி ஏறியிருந்தாள். கிளை முறிவதுபோல ஒரு சத்தம். இடப்பக்கக் கம்பி சாட்டை மாதிரி வானத்தில் சுழன்றது. பாய்மரம் தங்கை இருந்த பக்கமாகவே சாய்ந்தது.

தட்டக்கா கத்தினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. ஏணியைப் பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. மாப்பிள்ளைதான் எங்கிருந்தோ ஓடிவந்தார்.

"எங்க அவ? அக்கா, எங்க அவ?"

பாய்மரத்துக்கு அடியிலிருந்து ஒரு கை வந்தது, எண்ணெய்த் துணியோடு. பிறகு தலை. தங்கைக்கு ஒரு கீறல்கூட இல்லை. பாய்மரத்தின் மேல்பாதி பக்கத்தில் நின்ற மினுக்கியின்மேல் விழுந்து, அங்கேயே தாங்கிக்கொண்டது. அந்தச் சுவர் உயரத்தால் கிழவியின் ஓரத்தில் ஒரு ஆள் குப்புறப் படுக்கும் அளவுக்கு இடைவெளி கிடைத்திருந்தது. உயரம் கொஞ்சம் குறைந்திருந்தால்? மாப்பிள்ளை மனைவியைக் கட்டிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதார்.

கம்பியோடு பிய்ந்து வந்த பட்டையைக் கம்பி முறுக்குபவர் எடுத்துக் காட்டினார். வெளியே இருந்த காது இன்னும் மின்னியது. உள்ளே புதைந்திருந்த பகுதி கரும்பழுப்பாக, நகத்தால் சுரண்டினாலே உதிர்ந்தது.

"காத்து படாம ஈரத்துலயே கெடந்தா துருப்பிடிக்காத ஸ்டீலும் இப்படித்தான்க்கா ஆகும். மூடி வச்சா யார் கண்ணுக்குத் தெரியும்? அதோ, அந்தப் படகுல வெளிய இருக்கறதால எப்ப வேணா கழட்டிப் பாத்துட்டுத் திரும்ப மாட்டிடலாம்" என்று மினுக்கியைக் காட்டினார்.

தட்டக்கா கிழவிக்குள் இறங்கினாள். சுத்தியலை எடுத்தாள். பட்டை பிய்ந்து வந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே தட்டினாள். ணங். இன்னும் கொஞ்சம் கீழே தட்டினாள். ணங். மணி அடித்த மாதிரி சுத்தமான சத்தம், அன்றைக்குக் கேட்ட அதே சத்தம். இத்தனை வருஷமாக இதே சத்தத்தைக் கேட்டு அவள் கடலுக்கு அனுப்பிவைத்த படகுகளெல்லாம் இப்போது எங்கெங்கே போய்க்கொண்டிருக்கின்றனவோ! நினைத்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

படிக்கட்டில் நிழல் விழுந்தது. தங்கை நின்றாள். முகத்தில் இன்னும் ரத்தம் திரும்பவில்லை. பழக்கதோஷம், கேட்டுவிட்டாள்.

"என்னக்கா சொல்றா?"

தட்டக்கா சுத்தியலை மடியில் போட்டாள்.

"அதேதான்டி சொல்றா. நல்லா இருக்காளாம்."