பாதிப் பழமொழிச் சீட்டுகள்

என் கல்யாணம் மலைமேல் ஜமுனாமரத்தூர்க் கோயிலில் நடந்ததற்குக் காரணம் பக்தியல்ல, வீம்பு. பெண் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று போளூரில் என் பெரியப்பா உட்கார்ந்துவிட்டார். எங்கள் வழக்கத்தில் மாப்பிள்ளை வீட்டில்தான் என்று ஆலங்காயத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து நின்றுவிட்டார். இப்படியே தை போனது, மாசியும் போனது. கடைசியில் யாரோ சொன்னார்கள்: பெண் டீச்சராக இருப்பது மலைமேல். இரண்டு ஊருக்கும் நடுவில்தானே இருக்கிறது, அங்கேயே வைத்துவிடலாம். இருவருக்குமே பிடிக்காத இடம் என்பதால் இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

கோயிலில் தாலி, கோடை லீவில் காலியாகக் கிடந்த எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் சாப்பாடு. இரண்டு வீட்டாரும் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்பது மட்டும் யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. நிச்சயதார்த்தத்தில் போளூர்க்காரர்கள் ஒரு சுவரைப் பார்த்தும், ஆலங்காயத்துக்காரர்கள் எதிர்ச்சுவரைப் பார்த்தும் சாப்பிட்டார்கள். சுவர்களுக்குள் சம்பந்தம் பேசி முடித்த மாதிரி இருந்தது.

டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? பத்திரிகை அடித்த அச்சகத்தில், வெட்டி மிஞ்சிய ரோஸ் அட்டைத் துண்டுகளை ஒரு பை நிறைய வாங்கி வந்தேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு வைக்கும் விளையாட்டுதான்: ஒரு துண்டில் பழமொழியின் முன்பாதி, இன்னொன்றில் பின்பாதி. கீழே, ‘மறுபாதி வைத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடவும்’ என்று எழுதினேன். முன்பாதி மாப்பிள்ளை வீட்டுக்கு, பின்பாதி எங்கள் வீட்டுக்கு.

என்னோடு ஒரே அறையில் தங்கியிருந்த இன்னொரு டீச்சர்தான் வாசலில் சந்தனத்தோடு சீட்டையும் கொடுக்க வேண்டியவள். அவள் சீட்டுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஒரு தபா படிச்சுப் பாத்தியாடி?”

“பழமொழில இன்னாடி தப்பு?”

“ஒண்ணும் இல்ல. நல்லா இரு.”

இரண்டு ஊர் பஸ்ஸும் வந்தன. வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்திருந்தார்கள். அந்த மனநிலையில் இறங்கியவர்களுக்குச் சந்தனம், கல்கண்டு, ஒரு பாதிப் பழமொழி.

பலருக்குப் படிக்கத் தெரியாது. படிக்கத் தெரிந்தவர்களில் பலர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள். ஆகவே எல்லாச் சீட்டும் சத்தமாகப் படிக்கப்பட்டது. மாப்பிள்ளையின் அத்தை தன் சீட்டை என் தோழியிடமே நீட்டினார்.

“கழுதைக்குத் தெரியுமா,” என்று அவள் படித்தாள்.

“யாருக்கு?”

“கழுதைக்குங்க.”

அதே நேரம் என் சித்தி, ‘கற்பூர வாசனை’ என்ற சீட்டை அழகுப் போட்டியில் ஜெயித்தவள்போல எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள்.

மணையில் ஹோமப் புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு குரல் கேட்டது. “எவன்டா எழுதனது இத?” தாய்மாமன். அவர் சீட்டில் ‘குரைக்கிற நாய்’ என்று இருந்தது. குரலிலும் அது தெரிந்தது.

எதிர்ப்பக்கம் என் பெரியப்பா ‘கடிக்காது’ என்ற சீட்டை வைத்துக்கொண்டு வெந்துகொண்டிருந்தார். முந்தின வருஷம்தான் அவருக்குப் பற்கள் எல்லாவற்றையும் எடுத்திருந்தார்கள். யாரோ இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். கல்யாணப் பெண்ணின் கையெழுத்து என்றும் சொன்னார்கள்.

“சம்மந்தி, நான் நாயாம்,” என்றார் தாய்மாமன். அதுவரை அவர் பெரியப்பாவை அப்படிக் கூப்பிட்டதே இல்லை.

“அதுகூட பரவால்லீங்க. எனக்குப் பல்லு இல்லன்னு நம்ம பொண்ணே எழுதிக்கீது பாருங்க.”

இருவரும் ஒன்றாக மணைக்கு வந்தார்கள். “இன்னாமா இது?” என்றார்கள், ஒரே குரலில். நான் நல்ல மணப்பெண்ணாகத் தலையைக் குனிந்துகொண்டேன். மாப்பிள்ளை சிரிப்பை அடக்கிய அடக்கலில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. ஐயர் முகூர்த்தம் போகிறது என்று கத்தியதால்தான் எனக்குத் தாலி ஏறியது.

பந்தியில் அவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். சீட்டு சொன்னதற்காக இல்லை. என்னைப் பற்றி இன்னும் பேச வேண்டியிருந்தது. அத்தையும் சித்தியும்கூட ஒரே வரிசைதான். சீட்டை மாற்றிக்கொள்ளச் சொல்லி அத்தை கேட்க, சித்தி மறுக்க, பாயசம் வரும்வரை பேச்சு நிற்கவே இல்லை. எங்களுக்கு அறை வாடகைக்கு விட்டிருந்த மலைக்கார அம்மாவுக்கு மட்டும் மறுபாதி அகப்படவில்லை. “ஜோடி வரலம்மா. அதான் ரெண்டு பந்தியிலயும் குந்தி சாப்ட்டேன்,” என்றார் திருப்தியாக.

அதன்பிறகு புளி வாங்க, பம்ப்செட்டுக்குச் சாமான் வாங்க என்று ஏதாவது சாக்கில் பெரியப்பா ஆலங்காயம் போய்க்கொண்டே இருந்தார். நான் புகுந்த வீட்டில் இருக்கும்போதெல்லாம் கூடத்தில் இருவரும் உட்கார்ந்து, என் ரசத்தில் என்ன குறை, எனக்கு எத்தனை வாய் என்று விவரமாகப் பேசுவார்கள். நானே டம்ளரில் காபி கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். கோபம் வரும். ஆனால் உள்ளே போய்ச் சிரித்துக்கொள்வேன்.

சில வருஷம் கழித்துத் தாய்மாமனுக்கு வாணியம்பாடியில் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. சொந்தப் பிள்ளைகள் முறைவைத்து வந்து போனார்கள். பெரியப்பாவோ ஆஸ்பத்திரிக்குப் போய் இறங்கிய நாளிலிருந்து டிஸ்சார்ஜ் வரை அங்கேயே கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுத்தார். கஞ்சி ஊட்டினார், நர்ஸோடு சண்டை போட்டார். திரும்பி வந்ததும் நான், “எப்படி இருக்காருங்க?” என்று கேட்டேன்.

“அவனுக்கின்னா, கல்லு மாதிரி கீறான்,” என்றார். “தையல் பிரியற அளவுக்குச் சிரிக்கறான். ரம்மி ஆட்டத்துலதான் திருட்டுப் பய.”