பம்மல் பிளைவுட்டில் ஒரு ஓட்டை

இன்று பம்மலில் ஒரு தோல் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் சர்வீஸ் வேலையாகப் போய், பாதி நாளைத் தொலைத்தேன். முதலாளிகளான அண்ணனும் தம்பியும் தொழிலைப் பிரித்துக்கொண்டு, ஆபீஸுக்கு நடுவே பிளைவுட் தடுப்பு அடித்திருக்கிறார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் கம்ப்யூட்டரில் இருக்கும் வாடிக்கையாளர் பட்டியல் இன்றைக்குள் தம்பிக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் வக்கீல்.

தடுப்பில் ஓட்டை போட்டு, இரண்டு கம்ப்யூட்டருக்கும் நடுவே கேபிள் இழுத்தேன். டெர்மினல் சாஃப்ட்வேரில் இரண்டு பக்கமும் ஒரே வேகம் வைத்தால்தான் ஃபைல் போகும். அண்ணன் பக்கம் 9600. தம்பியையும் அதையே வைக்கச் சொன்னேன்.

"அவன் வச்சதையே நான் ஏன் வைக்கணும் மேடம்?" என்று 19200 வைத்தார்.

திரை முழுக்க குப்பை எழுத்து.

"பாத்தீங்களா, நல்லதா குடுக்க அவனுக்கு மனசு வர்ல."

அண்ணனிடம் போய், நீங்களாவது மாற்றுங்கள் என்றேன்.

"அவன் இறங்கி வரட்டும்."

இருவருக்கும் ஏழு கழுதை வயது.

மூன்று மணி நேரம் கழித்து, "அவர் இறங்கி வந்துவிட்டார்" என்று இருவரிடமும் தனித்தனியாகப் பொய் சொல்லி, இரண்டு பக்கமும் 4800 வைத்தேன். ஃபைல் போய்ச் சேர்ந்தது. ஜெயித்த சந்தோஷத்தில் ஆளுக்கொரு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

கிளம்பும்போது அண்ணன் சொன்னார்: "கேபிள கழட்டி எடுத்துகினு போய்டுங்க மேடம். அந்த ஓட்டைல அவன் இருமறது கேக்குது."

இனி ஓட்டையை அடைக்கத் தச்சர் வருவார். ஆணியை எந்தப் பக்கத்திலிருந்து அடிப்பது என்று சண்டை நடக்கும். இந்த புல்லட்டின் போர்டில் படிக்கிறவர்களில் யாருக்காவது பஞ்சாயத்து பண்ண ஆசை இருந்தால் எழுதுங்கள், விலாசம் தருகிறேன்.