லூயிஸ் மாமா ஓடிய ரெண்டு

இந்த வருடத்தின் முதல் மாதங்களில் எங்கள் வீடுகளில் தொலைபேசி அடித்தால் யாரும் உடனே எடுக்கமாட்டோம். ஆளை ஆள் பார்ப்போம். சண்டை நடக்கும் வன்னியிலிருந்து, செத்தவர் என்று யாருடைய பெயர் வரப்போகிறதோ என்ற பயம். அன்று காலை என் கைத்தொலைபேசி அடித்தபோது நான் வேலைக்குப் போக எஸ்-பான் ரயிலுக்குக் காத்து நின்றேன். திரையில் மேரி அக்காவின் பெயர் இருந்தது. லூயிஸ் மாமாவின் மனைவி. மாமாவின் தாயைப் பற்றி ஏதோ தகவல் வந்துவிட்டது என்றே நினைத்தேன். மன்னார்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து சனத்தோடு சனமாக வெளிக்கிட்டுப் போன அந்த மனுசி எங்கே நிற்கிறார் என்று மாதக்கணக்காக ஒருவருக்கும் தெரியவில்லை. "சொல்லுங்கோ அக்கா, அம்மம்மாவுக்கு என்ன?" என்று கேட்டேன்.

"மாமியைப் பற்றி இல்லைப் பிள்ளை. இவர்" என்றார் மேரி அக்கா.

எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. அங்கே நடக்கும் என்று நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்தது இங்கே, ஸ்டுட்கார்ட்டில், சுத்தமான ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்து முடிந்திருந்தது. ரயில் வந்து போனது. நான் அதே இடத்தில் நின்றேன்.

எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிற உங்களில் பலருக்கு அவர் லூயிஸ் அண்ணை. பூசை முடிந்ததும் கதிரைகளை அடுக்குகிறவர், ஒன்றுகூடலில் கறிச்சட்டி தூக்குகிறவர், கோடையில் எங்கள் பொடியளின் கிரிக்கெட் ஆட்டத்துக்கு நடுவராக நின்று எல்லோரிடமும் பேச்சு வாங்குகிறவர். அடக்கத்தின்போது பேசிய ஒருவர் அவரைச் சிறந்த விளையாட்டு வீரர் என்றார். எனக்குக் கோபம் வந்தது. செத்தவுடன் மனுசரை ஏன் இப்படி ஆளே தெரியாமல் பூசி மெழுகுகிறோம்? மாமா சிறந்த வீரர் இல்லை. பந்தை விட்டுவிட்டு மட்டையைத் திட்டுகிற ஆள். ஆனால் விளையாட்டு என்றால் அவருக்குப் பைத்தியம். அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

எண்பதுகளில் நாங்கள் வந்து சேர்ந்த ஹைமில், அதாவது அகதி விடுதியில், அவர் எங்களுக்கு அடுத்த அறை. மேரி அக்கா அப்போது வரவில்லை. மாமா தனி ஆள். எனக்கு எட்டு வயது. பெரியவர்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை. ஆகவே அவர்கள் கட்டிலில் இருந்து அரசாங்கத்தின் முடிவுக் கடிதத்துக்குக் காத்திருந்தார்கள். மாமாவுக்கு அப்படி இருக்க ஏலாது. எங்களில் இரக்கப்பட்டு எங்களை விளையாடக் கூட்டிக்கொண்டு போனார் என்று நான் சொன்னால் அது பொய். அவருக்கு விளையாட ஆள் வேண்டியிருந்தது, பெரியவர்கள் ஒருவரும் வரவில்லை, அதனால் எங்களைப் பிடித்தார். உடைந்த கட்டில் பலகையில் மட்டை செதுக்கினார். "ஓடுறதெண்டால் ரெண்டு பேரும் ஓட வேணும். ஒராள் நிண்டால் மற்ற ஆள் அவுட்" என்பதுதான் அவர் எங்களுக்கு முதலில் சொன்னது. பிறகு அலுமாரி தூக்கும்போதும் அதையே சொன்னார், கலியாணம் கட்டிய பிறகு மேரி அக்காவிடமும் அதையே சொன்னார். அக்கா அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனார்.

ஒரு கோடையில் ஹைமின் வாசலில் ஒரு சுவரொட்டி ஒட்டியிருந்தது. பக்கத்து மாவட்டத்தில் இருந்த அமெரிக்க இராணுவ முகாமின் மைதானத்தைச் சனத்துக்குத் திறந்துவிடப் போகிறார்கள், ஊர் ஊராகப் போய்க் காட்சி ஆட்டம் ஆடுகிற ஓர் அணி வருகிறது, அனுமதி இலவசம். மாமாவுக்கு ஜெர்மன் ஓடாது. அவர் அதில் வாசித்தது ஒரேயொரு சொல்லை. சொஃப்ட்போல். எங்கள் ஊரில் சொஃப்ட்போல் என்றால் என்ன? ரெனிஸ் பந்தில் ஆடுகிற கிரிக்கெட். வேறு ஒன்றும் இல்லை. அமெரிக்கனும் கடைசியில் திருந்திவிட்டான் என்று மாமா ஹைம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். மாவட்ட எல்லையைத் தாண்ட எங்களுக்கு அனுமதி இல்லை. பொலிஸ் பிடித்தால் அன்ட்ராக்கில், அதாவது எங்கள் அகதி விண்ணப்பத்தில், கை வைத்துவிடுவார்கள் என்று என் அப்பா மறித்துப் பார்த்தார். மாமா பலகை மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு எங்களையும் சாய்த்துக்கொண்டு நடந்தார்.

போய்ப் பார்த்தால் விக்கெட்டும் இல்லை, ஒரு கோதாரியும் இல்லை. அமெரிக்கனின் சொஃப்ட்போல் பேஸ்போலின் தங்கச்சி. சதுரப் பாண் துண்டைச் சாய்த்து வைத்தது போல ஒரு மைதானம். நாலு மூலையில் நாலு வெள்ளைத் தட்டு. வந்த அணியில் எண்ணி ஐந்து பேர். எதிரே நின்ற இராணுவக்காரர்களோ முழு அணி. ஆட வந்தவர்களுக்கு மைதானம் போடத் தெரியவில்லை என்றுதான் மாமா முதலில் நினைத்தார். பிறகு அந்த அணியின் பந்து எறிகிறவர் கையை ராட்டினம் போலச் சுழற்றிக் கீழிருந்து எறிந்தார். பந்து கண்ணுக்குத் தெரியவில்லை, சத்தம்தான் கேட்டது. மாமா பிளந்த வாயை மூடவில்லை. அன்றிலிருந்து, ஹைமில் இருந்த காலம் முழுக்க, ஒவ்வொரு கோடையிலும் நாங்கள் திருட்டுத்தனமாக எல்லை தாண்டி அந்த ஆட்டம் பார்க்கப் போனோம். எல்லா வருடமும் அதே அணி வரவில்லை. ஒருமுறை பெண்கள் அணி வந்தது. அதில் ஒருத்தி கண்ணைக் கட்டிக்கொண்டு எறிந்தாள், ஒன்றும் தப்பவில்லை. திரும்பி வரும் வழி முழுக்க மாமா புலம்பினார். "அந்தப் பிள்ளை கண்ணைக் கட்டிக்கொண்டு நேரா எறியுது. நாங்கள் கண்ணைத் திறந்துகொண்டு வைட் போடுறம்" என்றார். அந்தக் கோடை முழுக்க நாங்களும் கண்ணைக் கட்டி எறிந்து பழகியதில் எங்கள் எல்லோருடைய அம்மாமாரின் சால்வைகளும் மண்ணாகிப் போயின.

இனி நான் சொல்லப்போவது கடைசிக் கோடை. ஆட்டம் முடிந்ததும் பார்க்க வந்தவர்களில் ஒருவரைக் கூப்பிட்டு மட்டை பிடிக்க விடுவது அவர்களுடைய வழக்கம். ஒலிபெருக்கியில் கேட்டார்கள். மாமா கை உயர்த்தினார். கள்ளமாக வந்த ஆள், பத்தாயிரம் கண்ணுக்கு முன்னால் போய் நிற்கிறார்!

அவர்கள் கொடுத்த உருண்டை மட்டையை வாங்கி, கிரிக்கெட்டுக்குக் குனிவது போலக் குனிந்து, நிலத்தில் தட்டி, களத்தில் யார் யார் எங்கே நிற்கிறார்கள் என்று ஒரு சுற்றுப் பார்த்தார். சனம் அதையும் காட்சியின் ஒரு பகுதி என்று நினைத்துச் சிரித்தது. எறிகிறவர் நல்ல மனுசன், மெதுவாகத்தான் எறிந்தார். மாமா அதை நிலத்தோடு தட்டிவிட்டார். பந்து வலப்பக்கம் நின்றவனைத் தாண்டி ஓடியது. மாமா "வா!" என்று கத்தினார்.

யாரை? கிரிக்கெட்டில் மறுமுனையில் ஒரு ஆள் நிற்பான், அவனும் சேர்ந்து ஓடவேண்டும், அதனால் கூப்பிடுவோம். இந்த ஆட்டத்தில் மறுமுனை என்று ஒன்று இல்லை. ஆளும் இல்லை. மாமாவின் வாய்க்கு அது தெரியாதே. மட்டையையும் கையோடு கொண்டு முதல் தட்டு வரைக்கும் ஓடினார். குனிந்து மட்டையால் நிலத்தைத் தொட்டார். திரும்பினார். "வா, வா, ரெண்டு இருக்கு!" என்று கத்திக்கொண்டு வந்த வழியே திரும்பி ஓடிவந்தார். அங்கே ஒருவன் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்து நின்று, மாமா வந்ததும் அவருடைய நெஞ்சில் மெதுவாகத் தொட்டான். அவுட். முழு மைதானமும் விழுந்து விழுந்து சிரித்தது. நாங்கள் பிள்ளைகள் மட்டும் இருந்து பார்த்த வாங்கில் ஏறி நின்று "ரெண்டு! ரெண்டு!" என்று கத்தினோம். மாமா எங்களைப் பார்த்து மட்டையை உயர்த்திக் காட்டினார்.

பிறகு அந்த அணிக்காரர் ஒருவர் அவருடைய தோளில் கை போட்டுக் கைப்பாசையில் விளங்கப்படுத்தினார். வீதியில் வரும்போது மாமா எங்களுக்குச் சொன்னார்: "போனவன் போன வழியாலை திரும்பி வரக்கூடாதாம். எல்லாத் தட்டையும் சுத்தி முடிச்சால்தான் வீட்டை வரலாமாம். கடைசித் தட்டுக்குப் பேர் வீடாம். இது விளையாட்டோ, அன்ட்ராக்கோ?" நாங்கள் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

நாங்கள் ஹைமை விட்டுப் போனோம். மாமா மேரி அக்காவைக் கலியாணம் கட்டினார், பாண் சுடுகிற தொழிற்சாலையில் சேர்ந்தார், இரண்டு பிள்ளைகள் பிறந்து வளர்ந்தார்கள். ஊருக்கு மட்டும் அவர் போகவில்லை. அகதி என்று பதிந்தவர் போனால் திரும்பி வர ஏலாது. சண்டை ஓய்ந்து பாதை திறந்த வருடங்களில் எல்லோரும் போய் வந்தார்கள். மாமாவின் ஜெர்மன் கடவுச்சீட்டு ஏதேதோ காரணத்துக்காக இழுபட்டது. அலுவலகம் நாள் குறித்துத் தருகிற ஒவ்வொரு டெர்மினுக்கும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவார், இன்னொரு டெர்மினோடு திரும்பி வருவார். தாய் ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் கேட்பது ஒரே கேள்வி, "எப்ப வாறாய்?" கடைசியில் சீட்டுக் கிடைத்தது. என் வீட்டுக்கு வந்து அதை மேசையில் வைத்தார். "இனிப் போனால் திரும்பி வரலாம், பிள்ளை. இப்பத்தான் ரெண்டு ஓடலாம்" என்றார். கோடை விடுமுறைக்கு விமானச் சீட்டும் எடுத்தார். அவர் பெட்டி கட்டிக்கொண்டிருந்த கிழமையில் சண்டை திரும்பத் தொடங்கிப் பாதை பூட்டிவிட்டது. அடுத்த வருடம் பார்ப்போம் என்றார். அடுத்த வருடமும் அப்படித்தான் சொன்னார்.

போன மாரியில் வேலையிடத்தில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் போனது, பேச்சும் போனது. ஜெர்மனும் போய்த் தமிழும் போய், ஒரேயொரு சொல் மிஞ்சியது. "வா." காலையில் கண் திறந்தால் வா. சூப்புப் பருக்கினால் வா. ஆஸ்பத்திரியில் அவர்களுக்கு அது விளங்கவில்லை. தண்ணீருக்கு ஜெர்மனில் வாஸர். பாவம், மனுசன் வாஸர் கேட்கிறார், மீதிச் சொல் வரவில்லை என்று நினைத்து, அவர் "வா" என்று சொல்லும் போதெல்லாம் தாதிமார் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவர் இடது கையால் குவளையைத் தட்டிவிடுவார். அவர்கள் துடைத்துவிட்டு இன்னொரு குவளை கொண்டுவருவார்கள். நல்ல பிள்ளைகள், அவர்களை நான் குறை சொல்லவில்லை. மேரி அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், எங்கள் மொழியில் வா என்றால் உங்கள் ஜெர்மனில் கொம், வரச் சொல்லிக் கூப்பிடுவது என்று. யாரை என்று அவர்கள் திருப்பிக் கேட்டார்கள். அக்கா கட்டிலுக்குக் கிட்டப் போய் நிற்பார், மாமா அவரைத் தாண்டிக் கதவைப் பார்த்து இன்னும் பலமாகக் கூப்பிடுவார். பிள்ளைகளைக் கொண்டுவந்து நிறுத்தினோம். சுவாமியாரைக் கூட்டி வந்தோம். ஒருவரும் அவர் கேட்ட ஆள் இல்லை.

ஒருநாள் நான் தனியாக இருந்தபோது அவர் காதுக்குக் கிட்டக் குனிந்து, "ரெண்டோ மாமா?" என்று கேட்டேன். என்னைக் கன நேரம் பார்த்தார். முகத்தின் இடது பக்கம் அசைந்தது. சிரித்தாரா அழுதாரா என்று எனக்குத் தெரியாது. பாதி முகத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கிறது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் மேரி அக்கா என் கையைப் பிடித்துக் கேட்டார், "அவர் ஆரைக் கூப்பிட்டவர் எண்டு உனக்குத் தெரியுமோ?" "உங்களைத்தான் அக்கா" என்றேன். அக்கா தலையாட்டினார். நம்பினாரா, எனக்காக நம்பியது போல இருந்தாரா, அதுவும் தெரியாது.

போன சனிக்கிழமை முப்பத்தோராம் நாள் பூசைக்கு ஆயத்தம் பண்ண அவர்கள் வீட்டில் கூடியிருந்தோம். தொலைபேசி அடித்தது. இலங்கை எண். மேரி அக்கா எடுத்தார், கேட்டார், தொலைபேசியை என் கையில் தந்துவிட்டுச் சுவரில் சாய்ந்தார். மாமாவின் தாய். உயிரோடு, ஒரு முகாமில், யாரோ ஒரு பொடியனின் தொலைபேசியில். குரல் தெளிவாக இருந்தது. தனக்கு ஒன்றும் இல்லையாம், கால் மட்டும் வீங்கிக் கிடக்கிறதாம். லூயிசு வேலைக்குப் போய்விட்டானோ என்று கேட்டார். எப்ப வாறானாம் என்று கேட்டார்.

பிள்ளைகளைப் பார்த்தேன், அவர்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொன்னேன். "அம்மம்மா, மாமா உங்களைத்தான் கூப்பிட்டவர். வா, வா எண்டு உங்களைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர்."

"ஏன் பிள்ளை," என்றார், "இப்ப கூப்பிடேல்லையோ?"

மேரி அக்கா சுவரை விட்டு வந்து தொலைபேசியை வாங்கி, "மாமி" என்று தொடங்கி, சொல்லவேண்டியதைச் சொன்னார்.

ஆக, அந்த ஒரு சொல்லை மனைவிக்கும் கொடுத்துவிட்டேன், தாய்க்கும் கொடுத்துவிட்டேன். இரண்டு பேரில் யாருக்கு உரியது என்று எனக்குத் தெரியாது. கேட்க ஆள் இல்லை. எனக்கென்று நான் வைத்திருப்பது அந்தக் கடைசிக் கோடையைத்தான். மாமா மட்டையால் நிலத்தைத் தொட்டுத் திரும்புகிறார். வா என்று கூப்பிடுகிறார். மறுமுனையில் ஆள் இல்லை என்று நாங்கள் ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. அவர் வந்த வழியே, வீடு என்று பெயர் வைத்த அந்தத் தட்டை நோக்கித் திரும்பி ஓடுகிறார். அங்கே ஒருவன் பந்தோடு காத்து நிற்கிறான். ஊர் முழுக்க அதை அவுட் என்று சொல்லட்டும். நான் வாங்கில் ஏறி நிற்கிறேன், மாமா. ரெண்டு.